‘முற்றும்’ போடுவது யார்?



ஒரு கதை எப்போது முடிய வேண்டும்? சொல்பவருக்குச் சலித்தபோதா? கேட்பவருக்குச் சலித்தபோதா? பணம் போடுபவருக்கு லாபம் குறைந்தபோதா? அல்லது, கதைக்கென்றே ஒரு முடிவு இருக்கிறதா?

இந்தக் கேள்வியை ஒரு தொலைக்காட்சி சீரியலை வைத்துப் பேசப் போகிறேன். "தத்துவம் பேசுற பக்கத்துல சீரியலா?" என்று சிலர் சிரிக்கலாம். பரவாயில்லை. மாலையில் விளக்கேற்றிய பிறகு நம் வீட்டுக் கூடத்தில் அதிக நேரம் கேட்கும் குரல் எது என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். அப்பாவின் குரலா, நம்முடைய குரலா? பல வீடுகளில் அது சீரியலின் குரல்தான். தினமும் வீட்டுக்குள் வந்து உட்காரும் ஒன்றைப் பற்றி யோசிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் எடுத்துக்கொள்ளும் தொடர் ஆஸ்திரேலியாவின் ‘நெய்பர்ஸ்’. அக்கம்பக்கத்தார் என்று பொருள். ஏன் அது என்றால், அந்த ஒரே தொடர் மூன்று முறை நிறுத்தப்பட்டு, இரண்டு முறை மறுபடியும் எழுந்து வந்தது. நம்முடைய கேள்விக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

மூன்று முறை நின்ற தெரு

‘நெய்பர்ஸ்’ 1985 மார்ச் 18-ஆம் தேதி செவன் என்ற அலைவரிசையில் தொடங்கியது. உருவாக்கியவர் ரெக் வாட்சன். மெல்பர்னில் எரின்ஸ்பரோ என்று ஒரு கற்பனைப் புறநகர், அதில் ராம்சே ஸ்ட்ரீட் என்று ஒரு முட்டுத்தெரு. அங்கே குடியிருக்கும் சில குடும்பங்களின் சண்டை, சமாதானம், கல்யாணம், சாவு. அவ்வளவுதான் கதை. படம்பிடித்த தெரு மட்டும் நிஜம். வெர்மான்ட் சவுத் என்ற இடத்தில் பின் ஓக் கோர்ட் என்ற சின்னத் தெரு. அந்த வீடுகளில் உண்மையான குடும்பங்கள் குடியிருந்தார்கள். வாசலில் படப்பிடிப்பு, உள்ளே அவரவர் வாழ்க்கை.

தொடங்கிய வருடமே செவன் அதை நிறுத்திவிட்டது. டென் என்ற இன்னொரு அலைவரிசை எடுத்துக்கொண்டு 1986 ஜனவரியில் மறுபடி ஒளிபரப்பியது. அதே வருட இறுதியில் பிரிட்டனில் பிபிசி அதைக் காட்டத் தொடங்கியது. பிறகுதான் அதற்கு உண்மையான வாழ்வு வந்தது. 1988-இல் ஸ்காட், சார்லீன் என்ற இரு இளசுகளின் திருமணக் காட்சியைப் பிரிட்டனில் மட்டும் ஏறக்குறைய 2 கோடிப் பேர் பார்த்தார்கள். மணமகளாக நடித்தவர் கைலி மினோக், மணமகன் ஜேசன் டோனவன். பின்னாளில் ஹாலிவுட்டில் பெயர் வாங்கிய கை பியர்ஸ், மார்கோ ராபி போன்றவர்கள் எல்லாம் அந்தத் தெருவில் நடந்து பழகியவர்கள்தான்.

வருடங்கள் ஓடின. சொந்த நாட்டில் பார்ப்பவர்கள் குறைந்தார்கள். தயாரிப்புச் செலவில் பெரும்பங்கு பிரிட்டனின் சேனல் 5 கொடுத்த பணத்தில்தான் நடந்தது. 2022 பிப்ரவரியில் அந்தச் சேனல் "இனி வேண்டாம்" என்றது. வேறு ஆள் தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. அந்த வருடம் ஜூலை 28-ஆம் தேதி, 37 வருடக் கதை, 8,900-க்கும் மேற்பட்ட அத்தியாயங்களோடு முடிந்தது. பழைய முகங்கள் எல்லாம் தெருவுக்குத் திரும்பி வந்தன. கைலியும் ஜேசனும்கூட வந்தார்கள். 1994 முதல் அந்தத் தெருவில் வாழும் சூசன் கென்னடி என்ற பாத்திரத்தின் குரலோடு விடைபெற்றது தொடர். பார்த்தவர்கள் அழுதார்கள், கைதட்டினார்கள்.

நாலே மாதம். நவம்பரில் அமேசான் நிறுவனம் தொடரை மீட்பதாக அறிவித்தது. 2023 செப்டம்பரில் மறுபடி ராம்சே ஸ்ட்ரீட். 2025 பிப்ரவரியில் மறுபடியும் ஓர் அறிவிப்பு: இந்த வருடத்தோடு சரி. டிசம்பரில் நின்றது.

இனி அதன் எதிர்காலம் என்ன? யாராவது மறுபடி வாங்குவார்களா? வாங்கலாம். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி, வாங்க வேண்டுமா என்பது.

விற்கப்படுவது எது?

முதலில் ஒன்றைத் தெளிவாகப் பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் இந்த வகைத் தொடருக்கு ‘சோப் ஓபரா’ என்று பெயர். சோப்புக் கம்பெனிகள் பணம் கொடுத்து வானொலியில் நடத்திய நாடகங்கள் என்பதால் வந்த பெயர் அது. அமெரிக்காவில் ‘கைடிங் லைட்’ என்ற தொடர் 1937-இல் வானொலியில் தொடங்கி, 1952-இல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009 வரை, 72 வருடம் ஓடியது. அதன் பின்னால் இருந்ததும் ஒரு சோப்புக் கம்பெனிதான்.

அப்படியென்றால் வியாபாரம் எப்படி நடக்கிறது? நாம் கதையை வாங்குகிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் அங்கே விற்கப்படுவது நாம்தான். இத்தனை பேர் இந்த நேரத்தில் இந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள் என்று விளம்பரக்காரரிடம் கணக்குக் காட்டப்படுகிறது. பாட்டி 20 வருடமாக ஒரு நாள்கூட விடாமல் பார்த்தார் என்பது அந்தக் கணக்கில் பெரிய விஷயமே இல்லை. பாட்டி புது போன் வாங்க மாட்டார், புது கார் வாங்க மாட்டார். அவருடைய பக்தி விலைபோகாது.

அதனால்தான் ஒரு தொடரை நிறுத்தும்போது, கதை முடிந்ததா என்று யாரும் கேட்பதில்லை. கணக்கு முடிந்ததா என்றுதான் கேட்கிறார்கள். 1985-இலும் அதே, 2022-இலும் அதே, 2025-இலும் அதே.

இதில் தப்பு இருக்கிறதா? வியாபாரி சொல்வார்: "நஷ்டத்துல நான் எத்தனை நாள் கதை சொல்றது? பாக்கிறவங்க காசு குடுத்தாங்களா?" அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நஷ்டத்தில் ஓட வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. கதை கேட்டவன், கதை சொல்பவனின் முதலாளி ஆகிவிட முடியாது.

ஆனால் அத்தோடு விஷயம் முடிந்ததா? இல்லை. ஒரு சொல் மிச்சம் இருக்கிறது.

‘தொடரும்’ என்பது வாக்கு

ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் நம் சீரியல்களில் ‘தொடரும்’ என்று போடுவார்கள். அந்த ஒரு சொல்லின் பொருள் என்ன? "நாளைக்கு வா, மிச்சத்தைச் சொல்றேன்." அது ஒரு வாக்கு. ஒரு நாள் சொன்னால் சின்ன வாக்கு. எட்டாயிரம் நாள் சொன்னால்?

நேரம் என்பது திருப்பித் தர முடியாத ஒன்று. கடன் வாங்கிய வெள்ளியைத் திருப்பித் தரலாம். ஒருவருடைய 20 வருட மாலைகளை எப்படித் திருப்பித் தருவது? காசு கொடுக்காமல் பார்த்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் கொடுக்காமல் பார்க்கவில்லை. காசைவிடப் பெரியதைக் கொடுத்துவிட்டுத்தான் பார்த்தார்கள்.

நம் தர்மத்தில் வாக்குக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தசரதன் எப்போதோ கொடுத்த வரத்தை, கேட்ட நேரம் தவறான நேரம் என்று சொல்லித் தட்டிவிடவில்லை. அரிச்சந்திரன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வாக்குக் கொடுத்தவன் பணக்காரனா, கேட்டவர் கிழவியா என்பதெல்லாம் அங்கே கணக்கில் வராது.

அப்படியானால், ‘தொடரும்’ என்று இத்தனை முறை எழுதியவர் பார்வையாளருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்? முடிவே இல்லாமல் ஓட்ட வேண்டும் என்றா? அதுவல்ல என்பது என் எண்ணம். ஆயிரம் ‘தொடரும்’ எழுதியவர் ஒரே ஒரு ‘முற்றும்’ எழுதக் கடன்பட்டவர். அதுவும் ஒழுங்கான ‘முற்றும்’.

இங்கேதான் நிற்பதற்கும் முடிவதற்கும் உள்ள வித்தியாசம் வருகிறது. பஸ் நடுவழியில் எண்ணெய் தீர்ந்து நின்றால் அது நிற்பது. ஊர் வந்து சேர்ந்து நின்றால் அது முடிவு. இரண்டிலும் சக்கரம் நின்றுவிட்டது. ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றா?

முடியாத கதையில் கர்மம் இல்லை

"அப்ப சீரியல் முடியாமலே ஓடட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?" என்று ஒரு கேள்வி வரும். பாட்டிக்கும் சந்தோஷம், நடிகர்களுக்கும் வேலை.

நஷ்டம் இருக்கிறது. ‘நெய்பர்ஸ்’ தொடரிலேயே பார்க்கலாம். ஹேரல்ட் பிஷப் என்று எல்லாருக்கும் பிடித்த ஒரு பெரியவர். 1991-இல் கடற்கரைப் பாறையிலிருந்து அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. மூக்குக்கண்ணாடி மட்டும் கிடைத்தது. பார்த்தவர்கள் துக்கப்பட்டார்கள். 1996-இல் மனிதர் உயிரோடு வந்து நிற்கிறார், நினைவு தப்பிவிட்டதாம்! நம் சீரியல்களிலும் இதெல்லாம் நடக்காததா? ஆற்றில் விழுந்தவர், எரிந்த காரில் இருந்தவர், எல்லாரும் இருநூறு அத்தியாயம் கழித்து வாசலில் நிற்பார்கள். நாமும் கிண்டல் அடிப்போம்.

கிண்டலுக்குப் பின்னால் ஒரு தத்துவம் இருக்கிறது. கதை முடியவே கூடாது என்றால், அதில் எந்தச் செயலும் இறுதியானதாக இருக்க முடியாது. சாவு சாவாக இருக்காது. மன்னிப்பு மன்னிப்பாக இருக்காது. அடுத்த மாதம் அதே சண்டை வேண்டுமே! கெட்டவன் திருந்தவும் கூடாது, முழுசாக அழியவும் கூடாது. செய்ததற்குப் பலன் வந்து சேராத உலகம் அது. கர்ம விதி வேலை செய்யாத உலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் மொழியில் ‘சம்சாரம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று குடும்பம். இன்னொன்று, பிறந்து இறந்து மறுபடி பிறந்து சுற்றும் சக்கரம். சீரியல் இரண்டு பொருளிலும் சம்சாரம்தான்! குடும்பக் கதை, அதே சமயம் விடுதலையே இல்லாத சுழற்சி. அந்தத் தெருவில் இருப்பவர் யாரும் கற்றுக்கொண்டு கரையேறவே முடியாது.

நம் பெரியவர்கள் கதை முடிப்பதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறார்கள். வால்மீகி பெயரில் வழங்கும் இராமாயணத்தில் உத்தர காண்டம் உண்டு. சீதை பூமிக்குள் போகும் வரை கதை போகிறது. கம்பர் ஆறு காண்டங்களோடு, பட்டாபிஷேகத்தோடு நிறுத்திக்கொண்டார். தமிழில் உத்தர காண்டத்தை ஒட்டக்கூத்தர் பாடினார் என்பது மரபு. எது சரியான முடிவு என்று இன்றைக்கும் பேசலாம். ஆனால் இரண்டுமே முடிவுகள். யாருடைய பணமும் தீர்ந்து போய் நின்றவை அல்ல.

மகாபாரதத்தைப் பாருங்கள். போரில் வென்றதோடு முடித்திருக்கலாம். வியாசர் விடவில்லை. வென்றவர்கள் 36 வருடம் ஆண்டு, பிறகு எல்லாவற்றையும் விட்டு வடக்கு நோக்கி நடந்து, ஒவ்வொருவராக விழுந்து, கடைசியில் தருமரும் ஒரு நாயும் மிஞ்சும் வரை கொண்டுபோனார். ஏன்? வெற்றிக்கும் ஒரு கணக்கு முடிக்க வேண்டியிருந்தது. 18 பர்வமும் அந்தக் கணக்கை நோக்கித்தான் போகின்றன.

திரும்பி வந்தது சரியா?

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறோம். 2022-இல் ‘நெய்பர்ஸ்’ நன்றாகத்தான் முடிந்தது. பணம் தீர்ந்துதான் நின்றது, ஆனால் எழுதியவர்கள் அந்த நிறுத்தத்தை ஒரு முடிவாக மாற்றிக் காட்டினார்கள். வாக்கைக் காப்பாற்றினார்கள் என்றே சொல்வேன். அப்புறம் நாலு மாதத்தில் அதை எழுப்பியது சரியா?

ஒரு பக்கம் யோசித்தால், அழுது விடைகொடுத்தவர்களின் கண்ணீரை அது கேலி செய்தது போலாகிறது. இன்னொரு பக்கம், மெல்பர்னில் அந்த வேலையை நம்பி இருந்த கேமராக்காரர், தையற்காரர், புதிதாகத் தொழில் கற்க வந்த இளைஞர் எல்லாருக்கும் அது சோறு. மீண்டும் வந்தபோது பார்வையாளர் பலரும் உண்மையாகவே சந்தோஷப்பட்டார்கள். அந்தச் சந்தோஷத்தைப் பொய் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

நான் ஓர் அளவுகோல் வைத்துக்கொள்கிறேன். சொல்ல மிச்சம் இருந்து திரும்பி வந்தால் சரி. பெயர் இன்னும் விலைபோகும் என்பதற்காக மட்டும் திரும்பி வந்தால், அது பழைய வாக்கின் மேல் வாங்கிய புதுக் கடன். ‘நெய்பர்ஸ்’ இந்த இரண்டில் எது? இரண்டும் கலந்துதான் இருந்திருக்க வேண்டும். எழுதியவர்களுக்குச் சொல்ல ஏதோ இருந்தது. வாங்கிய நிறுவனத்துக்குக் கணக்கு இருந்தது. இரண்டு வருடத்தில் கணக்கு மறுபடியும் ஜெயித்தது. ஆகவே மூன்றாவது முறை யாராவது எழுப்ப வந்தால், என் பதில்: வேண்டாம், அந்தத் தெருவைத் தூங்க விடுங்கள்.

பற்றை விடச் சொல்வது யாருக்கு?

இந்த இடத்தில் நம்மில் சிலர் ஆன்மிகம் பேசுவோம். "எல்லாம் பற்றுதான். சீரியல் போனா போகட்டும். விட்டுட்டா நிம்மதி."

கொஞ்சம் நில்லுங்கள். பற்றை விடு என்பது நான் எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியது. இன்னொருவர் இழப்பைப் பார்த்து அதைச் சொன்னால் அது ஞானம் இல்லை, அலட்சியம். கையில் போனை வைத்துக்கொண்டு ராத்திரி ஒரு மணி வரை வீடியோ தள்ளும் நாம், பாட்டியின் அரை மணி நேர சீரியலுக்குப் பற்றறுத்தல் போதிக்கலாமா?

நம் வீட்டிலேயே பார்த்தோமே. சன் டிவியின் ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் திடீரென இறந்துபோனார். வில்லனாகத் திட்டிக்கொண்டே பார்த்த எத்தனை பாட்டிகள் அன்றைக்குச் சொந்தக்காரர் போனதுபோல உட்கார்ந்திருந்தார்கள்! அந்தப் பாத்திரத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். 2024 ஜூனில் தொடர் முடிந்தது. அந்த வருடம் டிசம்பரிலேயே ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று மறுபடி வந்தது. மெல்பர்ன் தெருவின் கதை நமக்கு ஒன்றும் தூரத்துக் கதை இல்லை.

பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்ட வீட்டில், குறிப்பிட்ட நேரத்தில் தவறாமல் வரும் ஒரே விருந்தாளி அந்தத் தொடர்தான் என்றால், அது நின்ற மறுநாள் அந்த நேரம் காலியாகத்தான் இருக்கும். அதை நிரப்ப அலைவரிசைக்குக் கடமை இல்லை. நமக்கு இருக்கிறது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "பாட்டி, அந்தக் கதை கடைசியில என்ன ஆச்சு?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அவர் சொல்ல ஆரம்பிப்பார். சீரியலில் தொடங்கி அவருடைய தோட்டப்புறத்துக் கதைக்கு வந்துவிடுவார். அந்தக் கதைக்கு அடுத்த அத்தியாயம் எழுத எந்த நிறுவனமும் வராது.

நம் மன்றத்துக்கும் இதே கேள்வி

கடைசியாக, நம்மையே பார்த்து ஒரு வார்த்தை. வியாபாரிகள் கதையைப் பாதியில் நிறுத்துகிறார்கள் என்று பேசினோம். நாம் என்ன செய்கிறோம்?

எத்தனை தாமான்களில் வெள்ளிக்கிழமை தேவார வகுப்பு ஆரம்பித்தோம்! முதல் வாரம் 30 பிள்ளைகள், பேனர், படம் எல்லாம் உண்டு. சொல்லிக்கொடுத்த அக்கா கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனார், தலைவர் மாறினார், வகுப்பு நின்றது. முடியவில்லை, நின்றது. கடைசி வகுப்பு என்று ஒன்று நடக்கவே இல்லை. அடுத்த வெள்ளி பையைத் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போயிருக்கும். "அடுத்த வாரம் அடுத்த பதிகம்" என்று நாம் சொன்னதும் ஒரு ‘தொடரும்’தானே?

இதற்கு நேர்மாறான வியாதியும் நம்மிடம் உண்டு. எதற்கு என்று யாருக்கும் தெரியாமல், போன வருடம் செய்தோம் என்பதற்காகவே இந்த வருடமும் நடக்கும் நிகழ்ச்சிகள். நிறுத்தினால் யாராவது கோபிப்பார்கள் என்று ஓட்டுகிறோம். அலை அடித்துப்போன ஹேரல்டை மறுபடி மறுபடி கூட்டி வருகிறோம்.

ஆகவே அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் "வழக்கம்போல" என்ற சொல் வரும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். இதில் சொல்ல இன்னும் மிச்சம் இருக்கிறதா? இருந்தால், அடுத்துச் சொல்லப்போகிறவர் யார் என்று இன்றைக்கே பெயர் எழுதுங்கள். மிச்சம் இல்லையென்றால், ஒரு நல்ல நாள் பார்த்து, வந்தவர்களை எல்லாம் அழைத்து, நன்றி சொல்லி, தீபாராதனை காட்டி, பிரசாதம் கொடுத்து முடித்து வையுங்கள். நின்றுபோன வகுப்பு ஏதாவது உங்கள் வட்டாரத்தில் இருந்தால், அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கடைசி வகுப்பாவது நடத்திக் கொடுங்கள். யாருக்குத் தெரியும், அதில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையே "நான் தொடர்றேன் அண்ணா" என்று சொன்னாலும் சொல்லும்.